மாத்திரை மிஞ்சாத ஊர்

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்குகிறவர்கள் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் படிப்பதில்லை. வாங்கியதும் காதருகே கொண்டுபோய் லேசாக ஆட்டிப் பார்க்கிறார்கள், சந்தையில் தேங்காயை ஆட்டிப் பார்ப்பதைப் போல. சத்தம் வராவிட்டால் டப்பா நிறைய மாத்திரை இருக்கிறது என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே பஸ் ஏறப் போவார்கள். கலகலவென்று சத்தம் வந்தால் அப்படியே வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். கூட வந்தவர் சோடா வாங்கி வர ஓடுவார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். இது பேய்க்கதை இல்லை. ஆனாலும் பயப்பட வேண்டிய இடம் ஒன்று வரும். வரும்போது நானே சொல்லிவிடுகிறேன். அதுவரை நிம்மதியாகக் கேளுங்கள்.

அமராவதி ஆற்றங்கரையில் அரிசி ஆலைக்காரர்கள் சேர்ந்து நடத்திய அறக்கட்டளை ஆஸ்பத்திரி அது. மருந்துக் கவுன்ட்டரில் பூங்கோதை இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிற அவள், தலைவலிக்குக்கூட ஒரு மாத்திரை போட்டதில்லை. கேட்டால், "நாளெல்லாம் பலகாரக் கடையில நிக்கறவளுக்குப் பலகாரம் எறங்குமா?" என்பாள். நெஞ்சு எரிந்தால் ஓமத்தண்ணீர், அதோடு சரி. அத்தனை வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவள் பெயரில் ஒரு நோயாளி எண்கூடக் கிடையாது.

நோயாளி எண் இருந்தது அவள் வீட்டுக்காரர் கார்வேந்தனுக்கு. போர்வெல் வண்டியில் ஊர் ஊராகப் போய்க் குழாய் இறக்கியவர். இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு வண்டியை விட்டுவிட்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். ஆயுசுக்கும் மாத்திரை உண்டு. எந்த மாத்திரை, எந்த வேளை என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. விடிந்ததும் பூங்கோதை கையை நீட்டச் சொல்வாள், உள்ளங்கையில் வைப்பாள், அவர் விழுங்குவார். அவள் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டால் அன்றைக்கு மருந்து கிடையாது. திரும்பி வந்து திட்டுவாள். "நீ இல்லாட்டி எனக்கு அந்த நெனப்பே வரமாட்டீங்குது புள்ள" என்பார். அதை ஒரு பெருமை மாதிரி சொல்வார். பிள்ளைகள் இல்லாத வீடு. அவருக்கு அவள்தான் பிள்ளை, அவளுக்கு அவர்தான்.

இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து நவாஸ் என்ற பையன் மடிக்கணினியோடு வந்தான். மாடியில், குளுக்கோஸ் பெட்டிகள் அடுக்கிய அறையில் அவனுக்கு ஒரு மேஜை போட்டார்கள். ஆஸ்பத்திரி மென்பொருளையும் மாநிலம் முழுவதற்குமான மின் மருந்துச்சீட்டையும் இணைப்பது அவன் வேலை. பூங்கோதைக்கு அவன் புரியும்படி சொன்னான்.

"நம்ம ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு நோயாளியத் தெரியும், அக்கா. அவுங்க எடை, ரத்தம், எப்ப வந்தாங்க, எப்ப வரல, எல்லாம். மருந்துச்சீட்டுக்கு மருந்தத் தெரியும். ஆனா ரெண்டும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்ல. ஒரே தெருவுல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போற ரெண்டு வீடு மாதிரி. நான் வந்து சேத்து வெக்கறேன்."

"சேத்து வெச்சுப்போட்டு நீ வண்டியேறிருவ. நாளைக்கு சண்டை வந்தா பஞ்சாயத்து நாந்தான பண்ணோணும்?" என்றாள் பூங்கோதை.

சண்டை வரவில்லை. அதுதான் கதை.

இணைத்த பிறகு எல்லாம் மாறியது. டாக்டர் கனகசபை நோயைச் சொல்லி மருந்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். எத்தனை மாத்திரை என்பதை மருந்துச்சீட்டே முடிவு செய்து கீழே அனுப்பும். கவுன்ட்டரில் புதிதாக வைத்த இயந்திரம் எண்ணி டப்பாவில் போட்டு, மூடி, பெயர் ஒட்டித் தள்ளிவிடும். டப்பாவின் மூடியில் ஒரு சில்லு இருந்தது; வீட்டில் எப்போது திறக்கிறார்கள் என்று அது குறித்துக்கொள்ளும். வேலை செய்கிறவர்களுக்கும் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டை கட்டினார்கள், வந்த நேரம் போன நேரம் பதிவதற்கு. அந்தப் பட்டை நாடியையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இறந்தவர் சாப்பிட்ட மருந்து வீட்டில் இருக்கக்கூடாது என்பார்கள் அங்கே. காரியத்தன்று வீடு கழுவுவதற்கு முன்னால், மீதியான மாத்திரைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். மற்ற ஊர்களில் குப்பையில் போடுவதை இங்கே திருப்பிக் கொடுத்தார்கள். பூங்கோதை எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்குவாள். "நல்ல மனுசன்" என்றோ, "ரொம்பச் சிரமப்படல இல்லீங்களா" என்றோ ஒரு வார்த்தை சொல்வாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே வருகிறவர்களும் உண்டு.

புதிய இணைப்பு, திரும்பி வந்த மருந்துக்குக் காரணம் கேட்டது. "நோயாளி மரணம்" என்று அழுத்தினால் இறப்புச் சான்றிதழ் எண் வேண்டும் என்று நின்றுவிடும். காரியத்தன்று யார் கையில் சான்றிதழ் இருக்கும்? நனைந்த தலையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்து, "எண் கொண்டா" என்று எப்படிச் சொல்வது? அதனால் பூங்கோதை கீழே இருந்த இன்னொன்றை அழுத்தினாள்: "அதிகமாகக் கொடுக்கப்பட்டது." அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் அதையேதான் அழுத்தினாள்.

கொஞ்ச காலம் போனது. மஞ்சள் பைகள் குறைந்தன. அப்புறம் நின்றே போயின. அறக்கட்டளைச் செயலாளர் மருந்து வீணாவதே இல்லை என்று கூட்டம் போட்டுச் சொல்லி, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். வழக்கம்தான் அழிந்துபோனது போலிருக்கிறது என்று பூங்கோதை நினைத்தாள். ஆனால் ஊரில் சாவு நிற்கவில்லையே.

ஒரு நாள் காலையில், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரின் மனைவி, தெய்வானை என்பவர், கவுன்ட்டர் முன்னால் வந்து வெறுங்கையோடு நின்றார். அன்று அவர் வீட்டில் காரியம். பூங்கோதை வழக்கம்போல எழுந்து கையை நீட்டினாள்.

"குடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல கண்ணு" என்றார் தெய்வானை. "கடைசி மாத்திரைய முந்தின நாள் போட்டாரு. டப்பாவக் கவுத்துக் காட்டிச் சிரிச்சாரு, தீந்துபோச்சு, நாளைக்குப் போய் வாங்கோணும்னு. விடிஞ்சு பாத்தா இல்ல. அளந்து குடுத்தாப்பல இருந்துச்சு. அதச் சொல்லீட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

புகார் சொல்கிற குரல் இல்லை அது. ஏதோ கோயிலில் நடந்த அதிசயத்தைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார். பூங்கோதையின் நீட்டிய கை மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

அந்த வாரம் முழுவதும் அவள் டப்பாக்களைக் கவனித்தாள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாதத்துக்கு விழுந்தது. சிலருக்கு மட்டும் அடியில் கொஞ்சம். அந்தச் சிலர் வீட்டு வாசலில் சீக்கிரமே பந்தல் போட்டார்கள். நவாஸ் மாதத்துக்கு ஒரு தடவை வந்து போய்க்கொண்டிருந்தான். அடுத்த முறை வந்தபோது அவனை டீக்கடைக்குக் கூட்டிப் போய்க் கேட்டாள். சும்மா தற்செயலாக இருக்கும் அக்கா என்று முதலில் சிரித்தான். மாலையில் அவனே கவுன்ட்டருக்கு வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"அதுக்குச் சாவுன்னா என்னன்னே தெரியாது, அக்கா. நாம சொல்லிக் குடுக்கவே இல்ல. மாத்திரை மிஞ்சக்கூடாது. அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும்."

"மிஞ்சும்னு எப்படித் தெரியுது?"

"நாமதான் எல்லாத்தையும் சொல்றமே. எடை எறங்குனது, ரத்தத்துல உப்பு, கேட்டுல இருந்து டோக்கன் மேஜை வரைக்கும் எத்தன மெதுவா நடந்து வர்றாங்கங்கறது, மூடி எப்பத் தெறந்துது. நம்ம கண்ணுல படாதது எத்தனையோ இருக்கும். எல்லாத்தையும் கூட்டிப் பாத்துட்டு, இத்தனைக்கு மேல வேண்டியிருக்காதுன்னு நிறுத்திக்குது."

"இதையெல்லாம் அதுக்கு யாரு கத்துக் குடுத்தா?"

நவாஸ் கவுன்ட்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்கதான், அக்கா."

திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. திரும்பி வந்த மருந்துக்கெல்லாம் அதிகமாகக் கொடுக்கப்பட்டது என்று அவள் அழுத்தினாளே, ஒவ்வொன்றையும் அது தன் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த தடவை தப்பு செய்யக்கூடாது என்று பார்த்திருக்கிறது. மற்ற ஊர்களில் மருந்து திரும்பி வருவதே இல்லை. இங்கே மட்டும்தான் அதற்குப் பாடம் கிடைத்தது. இப்போது இங்கே படித்ததை எல்லா ஊர்களிலும் செய்துகொண்டிருக்கிறது. நிறுத்தச் சொல்லி எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னான். ஆனால் மருந்து வீணாகாததில் எல்லோருக்கும் சந்தோஷம். யாரும் புகார் செய்யாத ஒன்றை எதற்கு நிறுத்த வேண்டும் என்று மேலே கேட்கிறார்களாம்.

டாக்டர் கனகசபை சிலருக்குத் தன் கையால் எழுதி, கூடக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார். அந்தக் கூடுதல் மட்டும் மஞ்சள் பையில் திரும்பி வந்தது. அதோடு அவரும் எழுதுவதை விட்டுவிட்டார்.

ஊருக்கு இது யார் சொல்லித் தெரிந்தது என்று தெரியாது. தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் டப்பாவை ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணுடைய அப்பாவின் டப்பாவைப் பேச்சோடு பேச்சாக எடுத்து ஆட்டிப் பார்த்தார்கள். கலகலவென்று சத்தம் கேட்ட வீட்டுக்கு ஒரம்பரையாகச் சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கியது. திருப்பூரிலிருந்து மகன், ஈரோட்டிலிருந்து மகள், பேசாமல் இருந்த பங்காளி. நோயாளி கட்டிலில் படுத்தபடி, யாரும் அழைக்காமல் வந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அதற்கு மேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்காது. சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சிலர் நோயால் செத்தார்களா, மாத்திரை குறைந்ததைப் பார்த்துச் செத்தார்களா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதைப் பார்க்கப் பொறுக்காமல் பூங்கோதை ஒரு காரியம் செய்தாள். குறைவாக விழுந்த டப்பாவை யாரும் பார்க்காதபோது திறந்து, மாத்திரைகளுக்கு மேல் பஞ்சை வைத்து அழுத்தி மூடினாள். ஆட்டினால் சத்தம் வராது. "நெறையா இருக்குதுங்க, போய்ட்டு வாங்க" என்று சொல்லி நீட்டுவாள். வீட்டில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவருக்கு மட்டும் பஞ்சு தெரியும். அவரும் வெளியே சொல்ல மாட்டார்.

இதற்கு நடுவில் நல்லப்பன் கதை ஒன்று நடந்தது. ஆட்டோ ஓட்டுகிறவர். சர்க்கரை மாத்திரை குறைவாக விழ, ஒரம்பரை எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது. நாள் தாண்டியது, மனிதர் கல்லுக்குண்டாக இருந்தார். வந்தவர்களுக்குச் சோறு போட்டு மாளவில்லை. கடைசியில் பார்த்தால், பெங்களூரிலிருக்கும் மகன் அவரை அங்கேயே கூட்டிப் போய் வேறு டாக்டரிடம் காட்டி, வேறு மாத்திரைக்கு மாற்றிவிட்டான். இங்கே வாங்கியது தேவைப்படாமல்தான் போனது. "எமன் வருவான்னு பாத்தா எம்மவன் வந்தான்" என்று நல்லப்பன் ஸ்டாண்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். ஊரே சிரித்தது. பூங்கோதையும் சிரித்தாள். சிரித்ததோடு விட்டுவிட்டாள், யோசித்துப் பார்க்கவில்லை.

அந்த மாதமும் வழக்கம்போலக் கார்வேந்தனுக்கு மருந்து வாங்கும் நாள் வந்தது.

இயந்திரம் டப்பாவைத் தள்ளியது. அவர் பெயர்தான். பூங்கோதை கையில் எடுத்தாள்; எடுத்த வேகத்திலேயே அது கலகலத்தது. அடியில் கொஞ்சம்தான் கிடந்தது, அரை மாதத்துக்குக்கூட வராது. வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் யாரையும் பார்க்காமல் பஞ்சை எடுத்து வைத்து மூடி, பையில் போட்டுக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

வீட்டில் அவர் கேட்டார். "எத்தன புள்ள வந்துச்சு?"

"நெறையா இருக்குதுங்க" என்றாள்.

மறுநாள் அவரை வம்படியாக இழுத்துப் போய் டாக்டர் கனகசபையிடம் காட்டினாள். எல்லாப் பரிசோதனையும் ஆனது. டாக்டர் திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதயம் போன வருடத்தைவிட நன்றாக இருக்கிறது, வால்வு புதிது போல அடைத்துத் திறக்கிறது, எதற்கு இப்படிக் குறைத்தது என்று புரியவில்லை என்றார். பூங்கோதைக்கு அது ஆறுதலாக இல்லை. நன்றாக இருந்தவர்களும் போயிருக்கிறார்கள். விடிகாலையில் விழித்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். அவர் ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் வருது, போய்க் காப்பி போடு" என்றார்.

நவாஸ் வந்திருக்கிறான் என்று கேட்டதும் மாடிக்கு ஓடினாள். பாதிப் படியில் மூச்சு வாங்கியது. இடது தோளுக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தது. காலையில் தின்ற பருப்பு வடை என்று நினைத்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டுப் போனாள். நாலைந்து மாதமாகவே அந்த வடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"அண்ணனுக்கு ஒண்ணுமே இல்லீங்க, அக்கா" என்றான் நவாஸ். நெடுநேரம் திரையில் தேடியிருந்தான். "ரத்தம், இதயம், நடை, எல்லாம் நல்லாருக்கு. இதையெல்லாம் வெச்சு அது கொறைக்கல. மூடிய வெச்சுக் கொறைச்சிருக்கு."

"எந்த மூடி?"

"மருந்து டப்பா மூடி. தெனமும் விடிகாலையில தெறக்குது. தை மாசம் ரெண்டு நாள் மட்டும் தெறக்கவே இல்ல. அந்த ரெண்டு நாளத்தான் பெருசா எடுத்துக்கிட்டிருக்கு."

"அப்ப நான் ஊருல இல்ல. எங்கண்ணன் பேத்திக்குக் காது குத்து. நான் எடுத்துக் குடுக்காட்டி அவரு போட மாட்டாரு."

சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள்.  நவாஸின் கண் அவள் முகத்திலிருந்து இறங்கி, மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டிருந்த கறுப்புப் பட்டைக்குப் போனது. போன வேகத்தில் திரும்பிக்கொண்டது.

பயப்பட வேண்டிய இடத்தை நானே சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

மிஞ்சும் என்பதுதான் அதற்குத் தெரியும். யாரால் மிஞ்சும் என்று அது பார்ப்பதில்லை. சாப்பிடுகிறவர் போனாலும் மாத்திரை மிஞ்சும். எடுத்துக் கொடுக்கிற கை போனாலும் மிஞ்சும்.

குளுக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவில் பூங்கோதை நின்றாள். கீழே டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிற குரல் கேட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு நொடி, ஒரே நொடி, அப்பாடா என்றிருந்தது. அவருக்கு இல்லை என்று. அப்புறம்தான் மணிக்கட்டுப் பட்டையைக் குனிந்து பார்த்தாள்.

டாக்டரைப் பாருங்க அக்கா, இன்னைக்கே பாருங்க என்று நவாஸ் கெஞ்சினான். பார்க்கிறேன் என்றாள். பார்க்கவில்லை. நீங்களும் நானுமாக இருந்தால் ஓடியிருப்போம். அவளுக்கு முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது.

அன்று மாலை வாசலில் காயில் கட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, எதிரில் உட்கார வைத்து, டப்பாவை அவர் கையில் கொடுத்தாள். இனிமேல் நீங்களே எடுத்துப் போடுங்கள் என்றாள். காலையில் வெள்ளை ஒன்று, மஞ்சளில் பாதி, சிவப்பு ஒன்று. அவர் சிரித்தார். காயிலில் எத்தனை சுற்று என்று கேள், சொல்கிறேன், இதெல்லாம் நமக்கு ஆகாது என்றார். அவள் விடவில்லை. அவர் மூடியைத் திறந்தார்.

"இதென்ன புள்ள, பஞ்சு?"

"ஈரம் புடிக்காம இருக்க."

அவர் பஞ்சை இரண்டு விரலால் எடுத்தார். அடியில் கிடந்ததைப் பார்த்தார். ஊரில் இருக்கிறவர்தானே, அவருக்கு எல்லாம் தெரியும். பஞ்சைத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"போறவனுக்கு எதுக்குப் புள்ள பாடம்?" என்றார் மெதுவாக.

"நீங்க போக மாட்டீங்க."

"அதுல கம்மியாத்தான இருக்குது."

"நீங்க போக மாட்டீங்க. நான் சொல்றனில்ல. வெள்ளை எத்தன?"

"ஒண்ணு."

"மஞ்சள்?"

"பாதி." அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். 

அந்த வாரமே அவள் அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். ஒரு காரணமும் சொல்லவில்லை. அங்கேயிருந்து போன் செய்து நினைவுபடுத்தவும் இல்லை. அண்ணி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவள் சோற்றைப் பிசைந்தபடி மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது கார்வேந்தன் வாசலிலேயே நின்று, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, "போட்டுட்டேன். ரெண்டு நாளும்" என்றார்.

டப்பா தீரப் போகிற சமயத்தில் மறுபடி மருந்து எழுத வேண்டியிருந்தது. இந்தத் தடவை நானும் வருகிறேன் என்று அவரும் கூடவே வந்தார். கவுன்ட்டரில் இயந்திரம் ஓடியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. டப்பா வந்து விழுந்தது. பூங்கோதை அதை ஆட்டினாள். சத்தமில்லை. மூடியைத் திறந்து பார்த்தாள். விளிம்பு வரைக்கும் இருந்தது. பஞ்சு வைக்க இடமில்லை. வரிசையில் நின்ற தெய்வானை, "சாமி காப்பாத்திருச்சு கண்ணு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாலு பேர் கைகூடத் தட்டினார்கள்.

கார்வேந்தன் மட்டும் சிரிக்கவில்லை. நிறைந்த டப்பாவைக் கையில் பிடித்தபடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற தன் மனைவியைப் பார்த்தார். அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். மாறியதும் அது ஒன்றுதான். காயில் கட்டுகிறவருக்கு, எந்தக் கம்பி எதைச் சுற்றிப் போகிறது என்பது தெரியாதா?

நேராக டோக்கன் மேஜைக்குப் போனார். திரும்பி வந்து கண்ணாடி ஓட்டைக்குள் கையை விட்டு ஒரு டோக்கனை நீட்டினார்.

"உம்பேருல போட்டிருக்கு. ஏந்திரி."

"வரிசை நிக்குதுங்க."

"நிக்கட்டும். ஏந்திரி புள்ள."

அன்றைக்குத்தான் பூங்கோதைக்கு ஒரு நோயாளி எண் கிடைத்தது. டாக்டர் கனகசபை இதயப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை நாள் எதிரிலேயே இருந்திருக்கிறாயே அம்மா என்றார். ரத்தக்குழாயில் அடைப்பு, கோயம்புத்தூர் போய்த்தான் ஆக வேண்டும், அங்கே படுக்கை கிடைத்ததும் சொல்கிறேன், அதுவரைக்கும் இந்த மாத்திரைகள் என்று திரையில் தட்டினார். எத்தனை என்று அவர் சொல்லவில்லை. அது அவர் கையில் இல்லை.

கீழே, அவளுடைய கவுன்ட்டரிலேயே, அவளுடைய இயந்திரமே அவள் பெயரில் ஒரு டப்பாவைத் தள்ளியது. அவள் படியிறங்கி வருவதற்குள் கார்வேந்தன் முன்னால் போய் அதை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று குழாய்ப் பக்கம் போனார். போகிற வழியில்தான் காயத்துக்கு மருந்து கட்டுகிற அறை இருந்தது. வருவதற்குக் கொஞ்சம் நேரமானது.

மறுநாள் விடிந்தது. பூங்கோதை எழுந்து உட்காருவதற்கு முன்னாலேயே அவர் எழுந்திருந்தார். தன் மாத்திரையைத் தானே போட்டுக்கொண்டு, இன்னொரு டப்பாவோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோயம்புத்தூர் போவதற்குத் துணிமணி எடுத்து வைத்துவிட்டேன், டாக்டர் எப்போது சொன்னாலும் கிளம்பலாம் என்றார்.

"கைய நீட்டு."

நீட்டினாள். அத்தனை வருடமும் கொடுத்துவந்த கை அது. இன்றைக்கு வாங்கியது. அவர் அந்தப் பக்கம் திரும்பி மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று, அப்புறம் ஒரு பாதி. வைத்து மூடிவிட்டு, டப்பாவை ஒரு தரம் காதருகே ஆட்டிக் காட்டினார். சத்தமே இல்லை.

"நெறையா இருக்குது புள்ள" என்றார்.

அவர் விரல் நுனியில் ஒரு பிசிறு பஞ்சு ஒட்டியிருந்தது.

பூங்கோதை அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குக் கையை நீட்டினாள்.